இலங்கை: கடன் மறுசீரமைப்பு முடிஞ்சும் வரி ஏன் குறையல? கணக்கு தெரிஞ்சவங்க சொல்லுங்க

பெரம்பூர்_வாசகி

வணக்கம். இலங்கைக் கடன் நெருக்கடியைப் பத்தி நம்ம குழுவுல துண்டு துண்டா நிறையப் பேசியிருக்கோம். ஒரே இழையில கொண்டுவரலாம்னு ஆரம்பிக்கிறேன்.

2022 ஏப்ரல் 12-ல வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதுன்னு அறிவிச்சாங்க. 2024 டிசம்பர்ல டாலர் பத்திரங்களை மாத்தி எழுதி முடிச்சாங்க. அசல்ல 27 விழுக்காடு வெட்டுன்னு செய்தி வந்துச்சு. வெட்டியாச்சுன்னா சுமை இறங்கியிருக்கணும்ல? ஆனா வாட் வரி 18 விழுக்காட்டுலயே நிக்குது, கடன் - ஜிடிபி விகிதமும் நூறைச் சுத்தித்தான் இருக்கு. அப்போ உண்மையில என்ன மாறுச்சு? ஒரு நாடு தேறிடுச்சா இல்லையான்னு பார்க்க எந்த எண்ணைப் பார்க்கணும்?

தண்டையார்பேட்டை_தணிக்கை

நல்ல கேள்வி அம்மா. கடன் - ஜிடிபி விகிதத்தை முதலில் ஓரமாக வையுங்கள். ஜப்பானின் விகிதம் 200-ஐத் தாண்டிப் பல வருடம் ஆகிறது. அது திவாலாகவில்லை. இலங்கை அதில் பாதியிலேயே விழுந்தது. ஆகவே அந்த எண் மட்டும் எதையும் தீர்மானிப்பதில்லை.

நான் முதலில் பார்ப்பது வட்டிக்கும் வருவாய்க்கும் உள்ள உறவு. 2021-ல் இலங்கை அரசுக்கு வந்த ஒவ்வொரு 100 ரூபாயிலும் 70-க்கு மேல் வட்டிக்கே போயிற்று. மிச்சம் முப்பதுக்கும் குறைவு. அதில் சம்பளம், ஓய்வூதியம், மருந்து, பள்ளிக்கூடம், இராணுவம் எல்லாம் அடங்க வேண்டும். அடங்காது. எனவே சம்பளம் கொடுக்கவே கடன், அசலைக் கட்டவும் கடன்.

இரண்டாவதாகப் பார்ப்பது மொத்த நிதித் தேவை. அந்த ஒரு வருடத்தில் அரசு வெளியே போய்ப் புரட்ட வேண்டிய பணம் இது. வட்டி நீங்கலான பற்றாக்குறை, அதோடு வட்டி, அதோடு அந்த வருடம் முதிர்கிற அசல். மூன்றையும் கூட்டுங்கள். 30 வருடத் தவணையில் உள்ள பெரிய கடன் ஒரு நாட்டை உலுக்காது. மூன்று மாதத்துக்கொரு முறை புதுப்பிக்க வேண்டிய சின்னக் கடன் உலுக்கிவிடும்.

ஐ.எம்.எஃப். (சர்வதேச நாணய நிதியம்) 2023 மார்ச் 20-ல் ஒப்புதல் கொடுத்த திட்டம், சுமார் 300 கோடி டாலர், இதை வைத்துத்தான் கட்டப்பட்டது. 2032-க்குள் கடன் ஜிடிபியில் 95 விழுக்காட்டுக்குக் கீழே வர வேண்டும். அது எல்லாரும் சொல்லும் எண். அதைவிட முக்கியமான இரண்டு உண்டு. 2027 முதல் 2032 வரை மொத்த நிதித் தேவை சராசரியாக ஜிடிபியில் 13 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். அதே காலத்தில் வெளிநாட்டு நாணயத்தில் கட்டுகிற தவணை எந்த வருடமும் 4.5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. மறுசீரமைப்பு என்பது இந்த வரம்புகளுக்குள் வந்து உட்காரும்படி தேதிகளை நகர்த்துகிற வேலை. அசல் வெட்டு அதில் ஒரு பகுதி மட்டுமே.

வரி ஏன் குறையவில்லை என்பதற்கான பதில் 2019-ல் இருக்கிறது. அந்த வருடம் டிசம்பர் 1 முதல் வாட் 15-லிருந்து 8 விழுக்காடாக இறங்கியது. அதைவிடப் பெரிய சேதம் பதிவு வரம்பில் நடந்தது. வருட விற்றுமுதல் 1.2 கோடி ரூபாய் இருந்தால் வாட் பதிவு செய்ய வேண்டும் என்றிருந்ததை 30 கோடி ஆக்கினார்கள். விகிதத்தை ஒரே நாளில் திரும்ப ஏற்றலாம். வலையிலிருந்து வெளியே போன வியாபாரிகளைத் திரும்பப் பதிவுக்குள் கொண்டுவர வருடக்கணக்கில் ஆகும். சம்பளத்தில் மாதாமாதம் பிடித்த வரியையும் அப்போதே கைவிட்டார்கள். மூன்று மாதத்தில் கோவிட் வந்தது. ஒரு நாடு தன் கையாலேயே வருவாயை வெட்டிக்கொண்டு, அடுத்த காலாண்டிலேயே சுற்றுலாவையும் இழந்தது.

ராயபுரம்_பத்திரம்

தணிக்கை சார் சொன்னது ரூபாய்ப் பக்கம். டாலர் பக்கம் தனியாப் பார்க்கணும், ரெண்டையும் கலந்தா குழப்பம் வரும்.

அரசுக்கு ரூபாய் இல்லேன்னா மத்திய வங்கி அச்சடிக்கலாம், அதுக்கான விலை பின்னாடி விலைவாசியா வரும். டாலரை அச்சடிக்க முடியாது. 2022 மார்ச் கடைசியில இலங்கையோட அந்நியச் செலாவணி இருப்பு சுமார் 190 கோடி டாலர்னு அறிக்கை சொல்லுச்சு. அதுல சீன மத்திய வங்கியோட போட்ட 1,000 கோடி யுவான் பரிமாற்ற ஏற்பாடும் (ரெண்டு மத்திய வங்கியும் தங்க நாணயத்தை மாத்திக்கிற ஒப்பந்தம்) சேர்ந்திருந்தது, டாலர்ல ஏறக்குறைய 150 கோடி. அந்தப் பணத்தை எடுக்கணும்னா மூணு மாச இறக்குமதிக்கு இருப்பு இருக்கணும்னு நிபந்தனை. அந்த இருப்பு இருந்திருந்தா இந்தப் பணமே தேவைப்பட்டிருக்காது. மே மாசம் நிதியமைச்சர் பாராளுமன்றத்துல சொன்னது, உடனே பயன்படுத்தக்கூடியது 5 கோடி டாலருக்கும் குறைவுன்னு. ஒரு பெட்ரோல் கப்பல் ரெண்டு கப்பலுக்கான காசு, அவ்வளவுதான்.

அதனால எந்த நாட்டோட இருப்பைப் படிச்சாலும் மேல இருக்கிற மொத்த எண்ணோட நிறுத்தாதீங்க. தங்கம் எவ்வளவு, பரிமாற்ற ஏற்பாடு எவ்வளவு, அடுத்த 12 மாசத்துல போகப்போறது எவ்வளவுன்னு கழிச்சுப் பாருங்க. ஐ.எம்.எஃப். மாதிரியில நாடுகள் வெளியிடுற இருப்பு அட்டவணையில இந்த வரிகள் தனித்தனியா இருக்கும்.

இதுல எனக்கு ஆறாத ஒரு விஷயம் உண்டு. 2022 ஜனவரி 18-ல 50 கோடி டாலர் பத்திரம் முதிர்ந்துச்சு. முழுசாக் கட்டினாங்க. மூணு மாசத்துல மருந்துக்கும் கேஸுக்கும் டாலர் இல்ல. எப்படியும் கட்ட முடியாதுன்னு தெரிஞ்ச கடனுக்குக் கடைசி டாலரை ஊத்துறது பத்திரக்காரருக்கு லாபம், ஊர் ஜனத்துக்கு நட்டம். 2021 நடுவுலயே ஐ.எம்.எஃப். கிட்டப் போய் மறுசீரமைப்பை ஆரம்பிச்சிருந்தா இருப்பைக் கையில வெச்சுக்கிட்டுப் பேசியிருக்கலாம்.

மண்ணடி_ஏற்றுமதி

சார் சொல்றது துறைமுகத்துல எப்படித் தெரிஞ்சுதுன்னு சொல்றேன். சென்னையிலிருந்து கொழும்புக்கு வெங்காயம், பருப்பு, மிளகாய், துணி, மருந்து எல்லாம் போகும். வழக்கமா கொழும்பு வங்கி எல்.சி. திறக்கும், அதாவது சரக்கு அனுப்பின ஆவணத்தைக் கொடுத்தா காசு தரேன்னு வங்கி தர்ற உறுதிக் கடிதம். இங்க கப்பல்ல ஏத்தி, பில் ஆஃப் லேடிங், இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், சர்ட்டிபிகேட் ஆஃப் ஒரிஜின் எல்லாம் நம்ம வங்கியில கொடுத்தா, அங்கிருந்து பணம் வரும்.

எல்.சி.ல ரெண்டு வகை. உறுதி செஞ்சது, உறுதி செய்யாதது. உறுதி செய்யாததுன்னா பொறுப்பு கொழும்பு வங்கிக்கு மட்டும்தான். 2022-ல அந்த வங்கிங்க கிட்ட ரூபாய் இருந்துச்சு, வாங்குறவர் ரூபாயைக் கட்டிட்டார், வங்கியும் டாக்குமென்டை ஒத்துக்கிச்சு. டாலர் மட்டும் இல்ல. வாங்குறவர் நேர்மையானவர், வங்கியும் ஏமாத்தல, ஆனா காசு வரல. இதை வியாபாரக் கடன் மோசடியாப் பார்த்தவங்க தப்பான எடத்துல சண்டை போட்டாங்க. இது நாட்டோட ரிஸ்க்.

உறுதி செஞ்ச எல்.சி.ன்னா சிங்கப்பூர்லயோ மும்பையிலயோ இன்னொரு வங்கி தன் கையெழுத்தையும் சேர்க்கும், கொழும்பு தரலேன்னா அது தரணும். அதுக்குக் கட்டணம் உண்டு. நெருக்கடி முத்தும்போது முதல்ல அந்தக் கட்டணம் ஏறும், அப்புறம் உறுதி செய்யவே வங்கி கிடைக்காது. என்னைக் கேட்டா இதுதான் முன்னெச்சரிக்கை மணி. ரேட்டிங் ஏஜென்சி தரம் இறக்குறதுக்கு முன்னாடியே கட்டணம் ஏறிடும்.

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவுல ஆசிய தீர்வகச் சங்கம்னு ஒரு வழி இருந்துச்சு. ரெண்டு மாசத்துக்கு ஒரு முறை மத்திய வங்கிங்க ஒருத்தருக்கொருத்தர் கழிச்சு மிச்சத்தைக் கட்டுவாங்க. இலங்கை அந்த மிச்சத்தையே கட்ட முடியாம தள்ளிப்போட்டுது. இந்தியா கொடுத்த சுமார் 400 கோடி டாலர் உதவின்னு சொல்றோமே, அதுல இப்படித் தள்ளிப்போன பாக்கியும் பெரிய பங்கு. கூடவே அத்தியாவசியப் பொருளுக்கு 100 கோடி டாலர் கடன் வசதி, எரிபொருளுக்கு 50 கோடி, 40 கோடி பரிமாற்ற ஏற்பாடு.

நம்ம சென்னைத் துறைமுகத்திலிருந்து தமிழ்நாடு அரசு அரிசி, பால் பவுடர், மருந்தோட முதல் கப்பலை அனுப்புனது 2022 மே 18. இலங்கை கட்டாம விட்ட 7.8 கோடி டாலர் வட்டிக்கான 30 நாள் சலுகைக் காலம் தீர்ந்ததும் அதே நாள்தான்.

பெரம்பூர்_வாசகி

ரொம்ப நன்றி பாய், எல்.சி. விஷயம் எந்தப் புத்தகத்துலயும் இவ்வளவு தெளிவா இல்ல. தணிக்கை சார், முதன்மை உபரி, அதாவது வட்டி நீங்கலான உபரி, 2.3 விழுக்காடு வேணும்னு ஐ.எம்.எஃப். சொல்லுதே, அந்த 2.3 எங்கிருந்து வருது? மேலோட்டமா இல்லாம எண்ணோட சொல்ல முடியுமா?

தண்டையார்பேட்டை_தணிக்கை

காகிதம் எடுத்துக்கொள்ளுங்கள். எளிதாக இருக்க வேண்டும் என்று முழு எண்களைப் போடுகிறேன். இவை கற்பனை எண்கள்.

ஜிடிபி 100. கடன் 110. சராசரி வட்டி 8 விழுக்காடு. ஜிடிபி, விலைவாசியும் சேர்த்து, 6 விழுக்காடு வளர்கிறது. வட்டியைத் தவிர மற்ற வரவும் செலவும் சமம் என்று வையுங்கள். வருடக் கடைசியில் கடன் 118.8. ஜிடிபி 106. வகுத்தால் 112. ஒரு பைசா கூட அதிகம் செலவு செய்யாமலே விகிதம் இரண்டு புள்ளி ஏறிவிட்டது.

110-லேயே நிறுத்த வேண்டுமென்றால் கடன் 106-இன் 110 விழுக்காடாக, அதாவது 116.6 ஆக இருக்க வேண்டும். வித்தியாசம் 2.2. அதை வட்டி நீங்கலான உபரியாக எடுத்து வைக்க வேண்டும். ஜிடிபியில் ஏறக்குறைய 2.1 விழுக்காடு. இது ஏறாமல் பிடித்து நிறுத்த மட்டுமே. குறைக்க வேண்டுமென்றால் இதற்கும் மேலே வேண்டும். ஐ.எம்.எஃப். கணக்கில் அனுமானங்கள் வேறு, ஆனால் எந்திரம் இதுதான்.

இப்போது வளர்ச்சியை 6-லிருந்து 9 ஆக்கிப் பாருங்கள். 118.8-ஐ 109-ஆல் வகுத்தால் 109. உபரி இல்லாமலே விகிதம் இறங்குகிறது. வட்டிக்கும் வளர்ச்சிக்கும் உள்ள இடைவெளிதான் எல்லாம். அதனால்தான் சிக்கனத்தை மிக வேகமாகத் திணித்தால் வளர்ச்சி படுத்து, கீழே உள்ள எண் சுருங்கி, விகிதம் ஏறும். கிரேக்கத்தில் நடந்தது அது. 2012-ல் தனியார் பத்திரக்காரர்களின் அசலில் 53.5 விழுக்காடு வெட்டிய பிறகும் விகிதம் நிலைக்க வருடங்கள் பிடித்தன, பொருளாதாரம் அவ்வளவு சுருங்கியிருந்தது.

இலங்கை 2024-ல் 5 விழுக்காடு உண்மை வளர்ச்சி கண்டது. 2022-லும் 2023-லும் சுருங்கிய பள்ளத்திலிருந்து ஏறிய வளர்ச்சி அது. அந்த வேகம் அப்படியே தொடரும் என்று வைத்து வரியைக் குறைத்தால் 2019 திரும்பி வரும்.

வியாசர்பாடி_தோழர்

கணக்கு சரி சார். ஆனா யார் கொடுத்தாங்கங்கிற கேள்வி இந்த இழையில இன்னும் வரல. அதைப் பேசாம நிதி பேச முடியாது.

2023 ஜூன் கடைசியில உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புன்னு அறிவிச்சாங்க. வங்கிகளுக்குத் தொடர்ந்து ஐந்து நாள் விடுமுறை, ஜூலை 1-ல பாராளுமன்றத்துல ஒப்புதல். வங்கிங்க வெச்சிருந்த ரூபாய்ப் பத்திரத்தைத் தொடல. தொட்டது ஊழியர் சேமலாப நிதியை, அதாவது அங்குள்ள பி.எஃப். பழைய பத்திரத்தைக் கொடுத்துட்டுப் புதுசு வாங்கணும். 2025 வரை 12 விழுக்காடு வட்டி, அதுக்கப்புறம் 9. சம்மதிக்கலேன்னா அந்த நிதியோட பத்திர வருமானத்துக்கு வரி 14-லிருந்து 30 விழுக்காடு. பேரு தன்னார்வம். கார்மென்ட்ஸ்ல தைக்கிற பொண்ணு, தேயிலைத் தோட்டத்துல பறிக்கிற மலையகத் தமிழ்ப் பெண், இவங்களோட கடைசிக் காலச் சேமிப்பு அது. அந்த நேரத்துல சந்தையில கருவூல பில் (அரசோட குறுகிய காலக் கடன் பத்திரம்) வட்டி 20-ஐத் தாண்டி இருந்துச்சு.

வெளிநாட்டுப் பத்திரக்காரங்களோட ஒன்றரை வருஷம் பேச்சுவார்த்தை. தொழிலாளிக்கு ஒரு வாரம். இதை நியாயம்னு சொல்ல முடியுமா?

ராயபுரம்_பத்திரம்

தோழர், நியாயமில்லேன்னுதான் நானும் நினைக்கிறேன். ஆனா வங்கிகளை ஏன் விட்டாங்கங்கிறதுக்கு ஒரு காரணம் உண்டு, அதையும் வெச்சுப் பேசணும்.

இலங்கை வங்கிகள் அந்த நேரத்துல மூணு பக்கமும் அடி வாங்கியிருந்தாங்க. கோவிட்லயிருந்து கடன் தவணைக்கு விலக்கு, அதனால வராக்கடன். அவங்க வெச்சிருந்த அரசின் டாலர் பத்திரங்கள் பாதி விலையில. மின்வாரியம், பெட்ரோலியக் கழகம் மாதிரி அரசு நிறுவனங்களுக்குக் கொடுத்த கடனும் ஆட்டத்துல. ரூபாய்ப் பத்திரத்தையும் வெட்டியிருந்தா மூலதனம் கரைஞ்சு, அரசே திரும்பப் பணம் போட்டுக் காப்பாத்த வேண்டி வரும். அந்தப் பணத்துக்கு அரசு திரும்பக் கடன்தான் வாங்கணும். அயர்லாந்து 2008-ல வங்கிகளுக்கு உத்தரவாதம் கொடுத்துட்டு, 2010-ல வங்கிகளுக்குப் போட்ட மூலதனமும் சேர்ந்து அந்த வருஷப் பற்றாக்குறை ஜிடிபியில சுமார் 32 விழுக்காடு ஆச்சு. நெருக்கடிக்கு முன்னாடி கடன் விகிதம் 25-ஐ ஒட்டி இருந்த நாடு அது. சில வருஷத்துல 120.

இன்னொண்ணு. அந்த மறுசீரமைப்புல பெரிய பங்கு மத்திய வங்கி கையில இருந்த கருவூல பில்கள், சுமார் 2.5 லட்சம் கோடி ரூபாய். அதை நீண்ட காலப் பத்திரமா மாத்தினாங்க. தணிக்கை சார் சொன்ன மொத்த நிதித் தேவை இறங்கினதுக்கு இது முக்கியக் காரணம். மூணு மாசம் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை புரட்ட வேண்டிய மலை ஒரே நாள்ல பல வருஷத்துக்குப் பரவிடுச்சு.

பி.எஃப். விஷயத்துல 9 விழுக்காடுங்கிறது 2023-ல கொடுமையாத் தெரிஞ்சுது. அப்புறம் சந்தை வட்டியே அந்த அளவுக்கு வந்துடுச்சு. அதனால சந்தையோட ஒப்பிட்டா இழப்பு பயந்த அளவு பெருசா ஆகல.

வியாசர்பாடி_தோழர்

சந்தை வட்டி இறங்கினது பின்னாடி. நான் கேக்குறது முன்னாடி நடந்ததை. 2022-ல அந்த நிதி உறுப்பினர்களுக்குக் கொடுத்த வட்டி 9 விழுக்காடு. அதே வருஷம் டிசம்பர்ல கொழும்பு விலைவாசி ஏற்றம் 57 விழுக்காடு. செப்டம்பர்ல 69.8. ஒரே வருஷத்துல சேமிப்போட வாங்கும் சக்தியில மூணுல ஒரு பங்கு போயிடுச்சு. அந்த வெட்டுக்கு ஒப்பந்தமும் இல்ல, வாக்கெடுப்பும் இல்ல.

தண்டையார்பேட்டை_தணிக்கை

தோழர் சரியான நரம்பைத் தொட்டுவிட்டார். இதைக் கணக்காகவே காட்ட முடியும்.

மறுபடியும் கற்பனை எண்கள். ஜிடிபி 100, கடன் 100. அதில் டாலர் கடன் 45, ரூபாய்க் கடன் 55. டாலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்குப் போகிறது, 2022 மார்ச்சிலிருந்து மே வரை ஏறக்குறைய நடந்ததும் அதுதான். 45 என்பது 81 ஆகிறது. புதிதாக எதுவும் வாங்காமல் மொத்தக் கடன் 136. அதே சமயம் விலைவாசி ஏறியதால் ஜிடிபி ரூபாய்க் கணக்கில் 135 ஆகிறது. விகிதம் 101. மேலே இருந்து பார்த்தால் எதுவுமே நடக்காதது போலிருக்கும்.

உள்ளே பாருங்கள். டாலர் கடன் ஜிடிபியில் 45-லிருந்து 60 ஆகிவிட்டது. ரூபாய்க் கடன் 55-லிருந்து 41 ஆகிவிட்டது. வட்டியைச் சேர்க்காமல் பார்த்தால், ரூபாய்ப் பத்திரம் வைத்திருந்தவர் தன் பங்கில் நான்கில் ஒன்றை இழந்துவிட்டார். டாலர் பத்திரக்காரருக்கு 27 விழுக்காடு வெட்ட நியூயார்க் சட்ட நிறுவனங்கள், குழுக்கள், ஒன்றரை வருடம். உள்ளூர்க்காரருக்கு அதே அளவு வெட்டு விலைவாசி மூலம் சத்தமில்லாமல் முடிந்தது. அவர்கள் பி.எஃப். மூலமும் வங்கி வைப்பு மூலமும் அரசுக்குக் கடன் கொடுத்தவர்கள் என்பதே பலருக்குத் தெரியாது.

அதனால்தான் 2023-ஆம் வருடத்து 16-ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டத்தை மறுசீரமைப்பைவிடப் பெரிய மாற்றமாக நான் கருதுகிறேன். அரசின் பில்களை மத்திய வங்கி முதல்நிலை ஏலத்தில் வாங்கக் கூடாது என்று அதில் தடை இருக்கிறது. அடுத்து 2024-ல் பொது நிதி மேலாண்மைச் சட்டம், வட்டி நீங்கலான செலவு ஜிடிபியில் 13 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. இரண்டாவதன் மீது எனக்கு ஒரு தயக்கம் உண்டு. செலவுக்கு உச்சவரம்பு வைத்தால் முதலில் வெட்டப்படுவது பாலமும் பள்ளிக் கட்டிடமும்தான், சம்பளமும் ஓய்வூதியமும் அல்ல. மூலதனச் செலவுக்குத் தனிப் பாதுகாப்பு இருந்திருக்க வேண்டும்.

மண்ணடி_ஏற்றுமதி

ராயபுரம் சார், ஒரு சந்தேகம். புதுப் பத்திரத்துல ஜிடிபி ஏறினா கூடக் கொடுக்கணும்னு ஏதோ இருக்காமே? நம்ம பக்கத்துல கடன் கொடுத்தவன் கடை நல்லா ஓடினா வட்டியைக் கூட்டுவேன்னு சொன்னா ஒத்துக்க மாட்டோம்.

ராயபுரம்_பத்திரம்

இருக்கு பாய். பேரியல் பொருளாதாரத்தோட, அதாவது நாட்டோட மொத்தப் பொருளாதாரத்தோட, இணைச்ச பத்திரம். 27 விழுக்காடு வெட்டுங்கிறது அடிப்படைக் கணிப்பு நடந்தா. 2025-லிருந்து 2027 வரை சராசரி ஜிடிபியை டாலர்ல கணக்கிட்டு, வரம்புக்கு மேல போனா 2028-லிருந்து கட்டுற தொகை கூடும், கீழே போனா குறையும்.

கருத்தா இது தப்பில்ல. நல்லா வந்தா கொஞ்சம் கூடக் கொடு, மோசமானா குறைச்சுக்கோ. எனக்கு உறுத்துற எடம் டாலர் ஜிடிபிங்கிற அளவுகோல். உற்பத்தி கூடாமலே ரூபாய் வலுவானா டாலர் ஜிடிபி ஏறிடும். வரிப் பணம் அதே அளவுதான் வரும். உண்மை வளர்ச்சிக்குன்னு கூடுதல் நிபந்தனை ஒண்ணு வெச்சிருக்காங்க, அது ஓரளவு காப்பு. ஆனா உயரும்போது கொடுக்க வேண்டியதும் தாழும்போது குறையறதும் ஒரே அளவு தாராளமா இல்ல.

ஒத்துக்காதவங்க கதையையும் சொல்லிடறேன், ஏன்னா அடுத்த நாட்டுக்கு இது பாடம். 2022 ஜூலை 25-ல முதிர வேண்டிய 5.875 விழுக்காட்டுப் பத்திரம், 2012-ல வெளியிட்டது. அதுல கூட்டு முடிவு விதி அந்தத் தொடருக்கு மட்டும் தனி. 75 விழுக்காட்டுக்காரர் சம்மதிச்சாத்தான் மத்தவங்களைக் கட்டுப்படுத்தும். ஹாமில்டன் ரிசர்வ் பேங்க்ங்கிற வெளிநாட்டு வங்கி 25 கோடி டாலருக்கு மேல அந்த ஒரு தொடரையே வாங்கி வெச்சிருந்தது, அது நாலுல ஒரு பங்குக்கு மேல. 2022 ஜூன்ல நியூயார்க்ல வழக்கும் போட்டுது. 2024 டிசம்பர் பரிமாற்றத்துல மொத்தமா ஏறக்குறைய 98 விழுக்காடு பேர் வந்தாங்க, அந்தத் தொடர் மட்டும் நின்னுபோச்சு. பின்னாடி வந்த பத்திரங்கள்ல பல தொடரையும் சேர்த்து எண்ணுற விதி இருக்கு, அதனால தனியா ஒருத்தர் தடுக்க முடியல. பத்திரம் வெளியிடும்போது இந்த ஒரு பத்தியை யாரும் படிக்கிறதில்ல, வட்டி விகிதத்தை மட்டும் பேசுவாங்க.

பெரம்பூர்_வாசகி

இதெல்லாம் படிச்சா, நம்ம தமிழ்நாட்டுக் கடனையும் சிலர் இலங்கையோட ஒப்பிட்டுப் பயமுறுத்துறாங்களே, அது சரியா?

தண்டையார்பேட்டை_தணிக்கை

அந்த ஒப்பீடு அடிப்படையிலேயே பிசகு. மாநிலம் டாலர் பத்திரம் வெளியிடுவதில்லை. ரிசர்வ் வங்கி நடத்தும் ஏலத்தில் ரூபாயில் வாங்குகிறது. முதிரும் தேதியில் மாநிலத்தின் கணக்கிலிருந்து ரிசர்வ் வங்கியே எடுத்துக்கொள்கிறது. எவ்வளவு வாங்கலாம் என்பதற்கு ஒன்றிய அரசின் அனுமதி வேண்டும், 15-ஆவது நிதிக் குழு மாநில உற்பத்தியில் 3 விழுக்காடு, மின்துறைச் சீர்திருத்தம் செய்தால் கூடுதலாக அரை விழுக்காடு என்று வைத்தது. கையிருப்பு தீர்ந்தால் ரிசர்வ் வங்கி முன்பணம், அதற்கு மேல் ஓவர்டிராஃப்ட். தொடர்ந்து 14 வேலை நாளுக்கு மேல் ஓவர்டிராஃப்டில் நின்றால் பணப் பட்டுவாடா நிறுத்தப்படும்.

ஆகவே இங்கே நோய் வேறு விதமாக வரும். தவணை தவறுவதற்குப் பதிலாக ஒப்பந்ததாரர் பில்லும் பேருந்துக் கழக ஓய்வூதியப் பலனும் தள்ளிப்போகும், காலிப் பணியிடம் நிரப்பப்படாது. 2021 ஆகஸ்டில் வந்த வெள்ளை அறிக்கை 5,70,189 கோடி ரூபாய்க் கடன் என்று சொன்னது. அதில் நான் அதிகம் மதிக்கிற பகுதி அந்த எண் அல்ல. மின்வாரியம், போக்குவரத்துக் கழகங்களின் கடனையும் உத்தரவாதத்தையும் தனியாக எடுத்துக் காட்டியது. இலங்கையிலும் பெட்ரோலியக் கழகக் கடனும் ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸின் 17.5 கோடி டாலர் உத்தரவாதப் பத்திரமும் இப்படித்தான் பின்வாசல் வழியாக அரசின் தலையில் வந்தன. மின் கட்டணம் அங்கே 2022 ஆகஸ்டில் 75 விழுக்காடும் 2023 பிப்ரவரியில் 66 விழுக்காடும் ஒரேயடியாக ஏற நேர்ந்தது, பல வருடம் தொடாமல் விட்டதால்.

ஒன்றிய அரசுடன் ஒப்பிட வேண்டுமானால் 1991-ஐச் சொல்லலாம். ஏறக்குறைய 47 டன் தங்கத்தை இங்கிலாந்து, ஜப்பான் மத்திய வங்கிகளில் அடகு வைத்தது டாலர் நெருக்கடியில்தான்.

வியாசர்பாடி_தோழர்

சார், காலிப் பணியிடம் நிரப்பாம விடுறதும் ஒரு வெட்டுதான். அது எந்தக் கடன் அட்டவணையிலயும் வராது. வெள்ளை அறிக்கையில அதையும் ஒரு வரியாச் சேர்க்கணும்.

தண்டையார்பேட்டை_தணிக்கை

ஒப்புக்கொள்கிறேன். செலுத்தாத பில்கள், நிரப்பாத இடங்கள் இரண்டும் பொறுப்புப் பட்டியலில் வர வேண்டியவை. ரொக்க அடிப்படையில் கணக்கு எழுதும்வரை அவை கண்ணுக்குத் தெரியாது.

மண்ணடி_ஏற்றுமதி

சரி, வியாபாரிக்கு வேண்டிய பதில் ஒண்ணு கேக்குறேன். கொழும்புப் பார்ட்டிக்கு இப்போ 90 நாள் கடன் கொடுக்கலாமா?

ராயபுரம்_பத்திரம்

பார்ட்டியைப் பொறுத்தது பாய், அதை நீங்கதான் அறிவீங்க. நாட்டைப் பொறுத்தவரை நான் பார்க்கிறது இதுதான். இந்தியா, ஜப்பான், பிரான்ஸ் தலைமையிலான அரசுக் கடன் குழுவோட 2024 ஜூன் 26-ல 580 கோடி டாலருக்கு ஒப்பந்தம் ஆச்சு, சீன எக்ஸிம் வங்கியோட தனியா 420 கோடி. குழுவோட ஒப்பந்தத்துல அசல் தவணை 2028-லதான் ஆரம்பிக்குது, 2043 வரை ஓடும். அதனால அதுவரைக்கும் டாலர் பக்கம் மூச்சு விட இடம் இருக்கு. 2025 பிப்ரவரி 1-லிருந்து கார் இறக்குமதியைத் திறந்துட்டாங்க. அதுல வரிப் பணம் கொட்டும், ஆனா ஒவ்வொரு காருக்கும் டாலர் வெளியே போகும். வரி வருவாய் ஏறுதுன்னு செய்தி வந்தா, அது கார் சுங்க வரியா, வாட்டும் வருமான வரியுமான்னு பிரிச்சுப் பாருங்க. கார் வரி ஒரு அலை, தேங்கிக் கிடந்த தேவை தீர்ந்ததும் வத்திடும்.

உங்களுக்கு நடைமுறையில: 90 நாள் கொடுக்கிறதா இருந்தா உறுதி செஞ்ச எல்.சி.யோட கொடுங்க, இல்லேன்னா ஏற்றுமதிக் கடன் காப்பீடு எடுங்க, அது நாட்டு ரிஸ்க்கையும் மூடுதான்னு பாலிசியில படிங்க. 2022 ஜூலை 11-ல ரிசர்வ் வங்கி ரூபாயிலேயே பட்டுவாடா பண்ண வோஸ்ட்ரோ கணக்கு (வெளிநாட்டு வங்கி இந்திய வங்கியில வெச்சிருக்கிற ரூபாய்க் கணக்கு) வழியைத் திறந்துச்சு, உங்க வங்கியில அந்த வசதி இருந்தா விலையை இந்திய ரூபாய்லயே போட்டுக் கேட்டுப் பாருங்க. மாசம் ஒரு தடவை எல்.சி. உறுதிக் கட்டணத்தை விசாரிச்சு ஒரு நோட்டுல எழுதி வைங்க. 2027 நடுவுல அது ஏற ஆரம்பிச்சா கடன் நாளை 30-க்குச் சுருக்குங்க.

மண்ணடி_ஏற்றுமதி

சரி சார். கட்டணத்தை நாளைக்கே ரெண்டு வங்கியில கேட்டு இங்க போடுறேன். வேற யாராவது சிங்கப்பூர் வங்கி வழியா அனுப்புறவங்க இருந்தா அவங்க கட்டணத்தையும் சேர்த்துப் போடுங்க, ஒப்பிட்டுப் பார்க்கலாம்.